பின்னால பானையைக் கட்டி முன்னால போன கப்பலைப் பிடிச்ச டிரேக்! 26 டன் வெள்ளி சிக்கிய கதை

முன்னால போற கப்பலை விரட்டிப் பிடிக்கணும்னா என்ன செய்யணும்? பாய் மொத்தத்தையும் விரிச்சு, முடிஞ்ச அளவு வேகமா போகணும். 1579 மார்ச் 1-ம் தேதி, இன்றைய ஈக்வடார் கரையோரம், ஃபிரான்சிஸ் டிரேக் பாயை விரிச்சார்தான். கூடவே தண்ணீர் நிரப்பிய ஜாடிகளைக் கயிற்றில் கட்டி, கப்பலுக்குப் பின்னால் கடலில் இழுத்துக்கிட்டு வந்தார். பார்க்கிறவங்களுக்கு, சரக்கு ஏத்திக்கிட்டு திணறி வர்ற ஏதோ ஒரு வியாபாரக் கப்பல். அவ்வளவுதான்.

முன்னால் போன ஸ்பானிஷ் கப்பலின் பேர் நுவஸ்த்ரா செனோரா தெ லா கான்செப்சியான். மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் 'ககாஃபுவேகோ'. நாகரிகமாச் சொன்னா 'நெருப்பைக் கழிப்பவன்'! இத்தனைக்கும் அதுல சண்டை போடுற அளவுக்கு பீரங்கிகூட இல்லை.

அவ்வளவு பணம் இருக்கிற கப்பலுக்கு ஏன் பாதுகாப்பு இல்லை? பெருவிலிருந்து வெள்ளி முதலில் பசிபிக் கடல் வழியா பனாமா போகும். அங்கே கோவேறு கழுதைகள் மேல ஏறி காட்டைக் கடந்து, அந்தப் பக்கம் அட்லான்டிக் கப்பல்களுக்கு மாறும். அட்லான்டிக்கில்தான் கொள்ளையர் பயம், அதனால அங்கே காவல் பலம். பசிபிக் பக்கம் எதிரிகள் எட்டிப் பார்ப்பது ரொம்ப அபூர்வம். டிரேக்கோ 1577-ல் ஐந்து கப்பல்களோடு கிளம்பி, தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி, 'கோல்டன் ஹைண்ட்' என்ற ஒரே கப்பலோடு உள்ளே வந்துட்டார்.

புதையல் கப்பலை முதலில் பார்ப்பவருக்குத் தங்கச் சங்கிலி என்று அறிவித்திருந்தார். ஜெயிச்சது அவருடைய உறவுக்காரப் பையன் ஜான். இருட்டும் வரை காத்திருந்து, வேகம் எடுத்து, பக்கத்தில் போய் சரணடையச் சொன்னார்கள். ஸ்பானிஷ் கேப்டன் சான் ஹுவான் தெ அன்டோன் மறுத்தார். ஒரு குண்டு பின்பக்கப் பாய்மரத்தைச் சாய்த்தது, அம்புகள் பறந்தன, கதை முடிஞ்சது. உயிர்ச்சேதம் இல்லை.

சிக்கியது 26 டன் வெள்ளி, 80 பவுண்டு தங்கம், 13 பெட்டி வெள்ளிக் காசுகள். கப்பல் மாற்றவே சில நாட்கள் ஆச்சு. டிரேக் கேப்டனுக்கு விருந்து வெச்சு, பரிசு கொடுத்து அனுப்பிவெச்சார். 'இனி எங்க கப்பலுக்கு ககாபிளாட்டா, அதாவது வெள்ளியைக் கழிப்பவன்னு பேர் வைங்க' என்று அதிலிருந்த ஒரு பையன் ஜோக் அடித்தானாம்.

சரி, டிரேக் கொள்ளைக்காரரா, இல்லையா? போர்க்காலத்தில் எதிரிக் கப்பலைப் பிடிக்க தனியாருக்கு அரசாங்கம் ஒரு அனுமதிக் கடிதம் கொடுக்கும். கையில் அது இருந்தா நீங்க 'பிரைவேட்டீர்', அரசுக்கும் அதுல பங்கு. இல்லைன்னா தூக்குக் கயிறு. ஆனா 1579-ல் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போரே நடக்கலை, அது 1585-ல்தான் ஆரம்பிச்சது. ஸ்பெயின் பார்வையில் அவர் பச்சைத் திருடர். என் ஓட்டும் ஸ்பெயினுக்குத்தான். ஆனா அந்த வெள்ளியை ஸ்பெயின் எடுத்த விதமும் யோக்கியம் இல்லை. பொட்டோசி மலைச் சுரங்கத்தில் பூர்வகுடி மக்களைக் கட்டாய வேலையில் தள்ளி வெட்டியெடுத்தது அது.

1580 செப்டம்பரில் டிரேக் உலகத்தைச் சுற்றி ஊர் திரும்பினார். பொருளைத் திருப்பிக் கொடுங்கன்னு ஸ்பானிஷ் தூதர் கத்தினார். எலிசபெத் ராணி அசரவே இல்லை. 1581 ஏப்ரலில் டிரேக்கின் கப்பலுக்கே போய் 'சர்' பட்டம் கொடுத்தார். அதிலும் ஒரு தந்திரம்: தானே பட்டம் சூட்டாமல், வாளை பிரெஞ்சுப் பிரதிநிதி கையில் கொடுத்து பட்டம் சூட்டவெச்சார். பழியில் பிரான்ஸுக்கும் ஒரு பங்கு!

பணம் எங்கே போச்சு? பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1930-ல் ஒரு கணக்கு சொன்னார். ராணி தன் பங்கில் கடனை அடைத்து, மிச்சத்தில் ஒரு பகுதியை லெவன்ட் கம்பெனியில் போட்டார். அந்த லாபத்திலிருந்து பிறந்தது கிழக்கிந்திய கம்பெனி. ஆமா, 1639-ல் நம்ம மெட்ராஸ் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் வாங்கின அதே கம்பெனி.