கோபம் யார்மேல்?

"அவன்மேல் கோபம்" என்று தமிழில் நினைத்துக்கொண்டு, நம் வகுப்புப் பையன் ஒருவன் பரீட்சைத் தாளில் 'ஆங்ரி ஆன் ஹிம்' என்று எழுதிவிட்டான். 'வித்' என்று திருத்தி, அரை மார்க்கைக் குறைத்தோம். பையனின் முகம் வாடிப் போயிற்று. அவனை மடையன் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. காரில் போனால் 'இன்', பஸ்ஸில் போனால் 'ஆன்' என்கிறான் இங்கிலீஷ்காரன். தமிழிலோ இரண்டுக்கும் ஒரே 'இல்' உருபுதான். நம் மொழியில் மட்டும் மயக்கம் இல்லையா என்ன? அதற்கென்றே தொல்காப்பியர் 'வேற்றுமை மயங்கியல்' என்று தனி இயல் வகுத்திருக்கிறார்! உருபுகளைத் தனியே உருப்போடுவதில் பயனில்லை. 'ஆங்ரி வித்', 'குட் அட்', 'மேரீட் டு' என்று சொல்லோடு சேர்த்தே குழந்தைகள் வாயால் பழகட்டும். 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னே மட்டும் 'அபௌட்' வேண்டாம். 'பற்றி' அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.