ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் வாடகைக் குடியிருப்போரின் உரிமைகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் உள்ளன. இங்கு வேலை செய்யும் வெளியூர்த் தொழிலாளர்களில் சிலர் வீடு எடுத்துத் தங்குகின்றனர். சிலர் விடுதியில் ஒரு கட்டிலுக்கு மட்டும் பணம் கட்டுகின்றனர். சிலர் நிறுவனம் தரும் இடத்தில் வசிக்கின்றனர். சட்டம் இம்மூவரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் உடைமை, மூவருக்குமே அவரவருடையதுதான்.

வீட்டு வாடகைதாரர்

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி:

• வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும்.
• ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சென்னை வட்டாரத்தில் 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். எனவே கையெழுத்திடும் முன் இந்த வரியைப் படித்துப் பார்ப்பது அவசியம்.
• வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.
• வாடகைக்கு ரசீது பெற வாடகைதாரருக்கு உரிமை உண்டு.
• காலி செய்ய வைப்பதற்காகக் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது.

வாடகைதாரருக்கும் கடமை உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, கேட்பு அறிவிப்புக்குப் பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். பூட்டை மாற்றி வெளியேற்ற அவருக்கு அதிகாரமில்லை. அவ்வாறு வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6ஆம் பிரிவின்படி, 6 மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து அனுபவத்தைத் திரும்பப் பெறலாம்.

விடுதியிலும் நிறுவன இடத்திலும் தங்குவோர்

நிறுவனம் தனக்குச் சொந்தமான இடத்தைப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாக ஊழியருக்கு வாடகைக்குத் தந்தால், 2017ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. விடுதிக் கட்டிலுக்குப் பணம் கட்டுபவர் பெரும்பாலும் குத்தகைதாரராகக் கருதப்படுவதில்லை; தங்க அனுமதி பெற்றவராகவே கருதப்படுகிறார். அந்த அனுமதி நீக்கப்பட்டாலும், 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவு, வெளியேறவும் பொருட்களை எடுத்துச் செல்லவும் நியாயமான அவகாசம் தருகிறது. மகளிர் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டின் தனி ஒழுங்குமுறைச் சட்டம் உள்ளது. அவை அரசின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும்.

உடைமைகள்

வாடகை பாக்கிக்கு ஈடாகப் பெட்டி, கைப்பேசி, இருசக்கர வண்டி போன்றவற்றை வீட்டு உரிமையாளர் தாமாகவே பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பாக்கியைச் சட்டப்படியே வசூலிக்க வேண்டும். வாடகைதாரர் சுவரில் பொருத்திய மின்விசிறி, அலமாரி போன்றவற்றை, இடத்தைப் பழைய நிலையில் ஒப்படைப்பதாயின், சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவின்படி கழற்றிச் செல்லலாம். வேறு ஒப்பந்தம் இருந்தால் அதுவே செல்லும்.

உதவி பெறும் வழி

குடிநீர், மின்சாரத் துண்டிப்பு குறித்து வாடகை அதிகார அமைப்பிடம் மனு தரலாம். பொருளைத் தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் அளித்து, ரசீது பெறலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு. தொலைபேசி எண் 15100. எந்த வழியில் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது சான்றுதான். வாடகையை வங்கி அல்லது யுபிஐ மூலம் செலுத்துவதும், குடியேறும் நாளிலேயே அறையையும் பொருட்களையும் படம் எடுத்து வைப்பதும் பிற்பாடு பெரிதும் உதவும்.