குற்றாலத்துக்கு ஒரே நாள் போதுமா?

எண்பதுகளில் எங்கள் வீட்டில் கோடை லீவு பெயரளவுக்குத்தான். நிஜமான விடுமுறை ஆனி பிறந்த பிறகு, நாலு நாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வரும் குற்றால சீசன். எழும்பூரில் கொல்லம் மெயில் ஏறி, மறுநாள் தென்காசியில் இறங்குவோம். வாடகைக்கு ஒரு வீடு, அதில் மூன்று குடும்பம். அருவியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் யாரும் பதறமாட்டார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று திரும்பினால் சாரல் தானாக வரும் என்று பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டு காத்திருப்பார்கள்.

போன ஆடியில் மறுபடி போனேன். இப்போது காத்திருக்க ஆளில்லை. காலையில் காரில் வருகிறார்கள். குளித்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். நான் போன அன்று பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியதால் குளிக்கத் தடை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற கூட்டம் போலீஸ்காரரைத் திட்டியது. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துப்போனது. மேலே காட்டில் பெய்கிற மழை, கீழே குளிப்பவருக்குத் தெரியாது. பேரருவியில் உச்சியிலிருந்து விழும் நீர் முதலில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் நிரம்பி, அங்கிருந்து வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் அருவியின் வேகத்தில் யாரும் நிற்கவே முடியாது.

தடையால் ஒரு லாபம். சின்ன வயதில் எட்டிக்கூடப் பார்க்காத சித்திர சபைக்குப் போனேன். நடராஜரின் ஐந்து சபைகளில், அவரைச் சிலையாக இல்லாமல் ஓவியமாகவே வழிபடும் இடம் இது ஒன்றுதான். எதிரே தெப்பக்குளம், மேலே செப்புத் தகடு வேய்ந்த கூரை, உள்ளே சுவரெங்கும் மூலிகை வண்ணம். அருவியில் ஆயிரம் பேர் முட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே நாங்கள் ஐந்து பேர். இத்தனை வருடம் அப்பா எங்களை ஏன் இங்கே அழைத்துவரவில்லை என்று அவர் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

சீசனுக்குப் போகிறவர்கள் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். சோப்பு, ஷாம்பு வேண்டாம். அருவியில் அவற்றுக்குத் தடை இருக்கிறது. குளிக்க விடவில்லை என்றால் திட்டாமல் சித்திர சபைக்கு நடங்கள்.