கோடை முகாம்

கோடை விடுமுறை வந்ததும் தில்லி, மும்பை முதலிய நகரங்களில் உள்ள திருச்சபைகள் பல, தம் இளையோரை முகாமுக்கு அழைத்துச் செல்கின்றன. முகாம் வேறு, சுற்றுலா வேறு. சுற்றுலாவில் பல இடங்களைக் காண்கிறோம். முகாமிலோ ஓரிடத்தில் சில நாள்கள் தங்கி, பிறரோடு சேர்ந்து வாழக் கற்கிறோம்.

இவ்வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், 1885-ஆம் ஆண்டில், சம்னர் டட்லி என்பவர் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தைச் சேர்ந்த ஏழு சிறுவரை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று முகாம் நடத்தினார். அவர் தொடங்கிய முகாம் இன்றளவும் தொடர்கிறது.

நம் நாட்டில் இத்தகைய முகாமுக்கு ஏற்ற இடங்களுள் ஒன்று, உத்தராகண்ட மாநிலத்தில் நைனிதாலுக்கு அருகில் உள்ள சாத்தால். இந்தியில் ‘சாத்’ என்பது ஏழு. ‘தால்’ என்பது ஏரி. தில்லியிலிருந்து செல்வோர் காத்கோதாம் வரை தொடர்வண்டியில் சென்று, பின்னர் மலைச்சாலையில் பயணம் செய்யலாம். அங்கே ஸ்டான்லி ஜோன்ஸ் என்னும் அமெரிக்க இறைப்பணியாளர் 1930-ஆம் ஆண்டில் ஆசிரமம் ஒன்றை நிறுவினார். அங்குத் தங்கியோர் பட்டங்களையும் பதவிகளையும் விடுத்து, ஒருவரையொருவர் உடன்பிறந்தாராக அழைத்தனர். வாரத்தில் ஒருநாள் துப்புரவுப் பணியாளருக்கு விடுமுறை அளித்து, அவர் பணியைத் தாமே செய்தனர். கழிவறையைத் தூய்மை செய்தலும் அதில் அடங்கும். செய்யும் தொழிலால் மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரித்த அக்காலத்தில் இஃது எளிய செயலன்று.

இளையோரை முகாமுக்கு அழைத்துச் செல்வது பெரும்பொறுப்பு. பெற்றோர் தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கின்றனர். எனவே, புறப்படும் முன்னரே ஒவ்வொருவருக்கும் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் பெறவேண்டும். யார் நாள்தோறும் மருந்து உண்பவர், யாருக்கு எவ்வுணவு ஒவ்வாது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அனைவரையும் எண்ணிப் பார்த்தல் இன்றியமையாதது. சிறுமியர் உடன் வருவராயின், அவர்களுக்குத் தனித் தங்குமிடமும் பெண் வழிகாட்டியரும் தேவை. நீந்தத் தெரிந்தவராயினும், வழிகாட்டியின் இசைவின்றி ஏரியில் இறங்கலாகாது. கோடையிலும் மலையில் இரவு குளிரும். ஆதலால் கம்பளி ஆடை வேண்டும்.

முகாமில் ஒருவர் பேச்சோ செயலோ உங்களுக்கு அச்சம் தருமாயின், அவர் எத்துணைப் பெரியவராயினும், தயங்காது நீங்கள் நம்பும் ஒருவரிடம் கூறுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் நினைவில் கொள்ளுங்கள்.

முகாம் நாள் பெரும்பாலும் காலை இறைவேண்டலுடன் தொடங்கும். பின்னர்ச் சற்றுநேரம் ஒவ்வொருவரும் தனித்திருந்து திருமறை படிப்பர். கலந்துரையாடல், சமையலறை வேலை, விளையாட்டு எனப் பகற்பொழுது கழியும். உண்ட தட்டை அவரவரே கழுவுவர். இரவில் தீமூட்டி, அதனைச் சுற்றி அமர்ந்து பாடுவர்.

பல மாநிலத்தார் கூடும் முகாமில் ஒருவர் இந்தியிலும், மற்றொருவர் மலையாளத்திலும், வேறொருவர் மிசோ மொழியிலும் பாடுவர். தமிழ் மாணவர் ஒருவர் தம் வீட்டில் கேட்ட கீர்த்தனையைப் பாடினால், “இதன் பொருள் என்ன?” என்று நண்பர்கள் வினவுவர். பொருளுணர்ந்து பாடுபவரே அதற்கு விடை கூற இயலும். நகரத்தில் வீட்டுக்குள் மட்டுமே ஒலித்த மொழி, அங்கே அனைவர்க்கும் உரிய செல்வம் ஆகிறது.

முகாம் சில நாள்களில் முடிந்துவிடும். ஆயினும் அங்குக் கற்றது முடிவதில்லை. வீடு திரும்பிய பிள்ளை, தான் உண்ட தட்டைத் தானே கழுவுமாயின் அதுவே முகாமின் பயன்.

பயிற்சி

1. சுற்றுலாவுக்கும் முகாமுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. சாத்தால் ஆசிரமத்தில் துப்புரவுப் பணியை அனைவரும் செய்ததன் நோக்கம் யாதாக இருக்கும்? உம் கருத்தை எழுதுக.
3. நீவிர் அறிந்த தமிழ்ப் பாடல் ஒன்றன் பொருளைப் பிறமொழி நண்பருக்கு விளக்குவது போல ஐந்து தொடர்கள் எழுதுக.