நுரைக்கும் ஒரு சாஸ்திரம்

அற்பம் என்று நாம் எண்ணும் காரியங்களுக்குத்தான் உலகத்தில் அதிக சிரத்தை தேவைப்படுகிறது. நல்ல காப்பி கலப்பது, வெற்றிலைக்கு அளவாகச் சுண்ணாம்பு தடவுவது, குழந்தை அழாமல் எண்ணெய் தேய்த்து விடுவது ஆகியவற்றை எந்தக் கலாசாலையிலும் கற்றுக் கொடுப்பதில்லை. ஆனால் அவற்றில் தவறினால் அன்றைய பொழுது முழுவதும் கெட்டுவிடும். முகக்ஷவரத்துக்காக ஸோப்பைக் குழைத்து நுரை எழுப்புவதும் இந்த வரிசையில் சேர்ந்த ஒரு வித்தைதான்.

தினந்தோறும் காலையில் நம்முடைய ஆடவர்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்யும் அவசரக் கூத்தைப் பார்க்க வேண்டும். பிரஷ்ஷைக் குழாயடியில் காட்டுகிறார்கள். ஸோப்பின் மேல் நாலு தடவை இழுக்கிறார்கள். கன்னத்தில் சுண்ணாம்பு அடிப்பது போல் ஒரு பூச்சுப் பூசுகிறார்கள். உடனே கத்தி இறங்குகிறது. பிறகு "ஸ்" என்று ஒரு சப்தம், ஒரு துளி ரத்தம், படிகாரக் கட்டியைத் தேடி ஓர் ஓட்டம்! பிளேடு செய்தவனுக்குச் சாபம் கொடுப்பதுடன் அன்றைய வைபவம் முடிவடைகிறது. உண்மையில் குற்றவாளி பிளேடு அல்ல. பத்தில் எட்டு தடவை அது நுரையின் குற்றமாகவே இருக்கும்.

நுரை எதற்காக?

முகத்தின் அழுக்கைப் போக்குவதற்காகவே ஸோப்புப் போடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். கத்தி போன இடத்தையும் போகாத இடத்தையும் அடையாளம் காண்பதற்காக என்று கருதுகிறவர்களும் உண்டு. இவ்விரண்டும் உபரி லாபங்களே. ரோமத்தை மிருதுவாக்குவது ஸோப்பு அல்ல, ஜலந்தான். உலர்ந்த ரோமம் விறைத்து நிற்கும். வெதுவெதுப்பான ஜலத்தில் இரண்டு மூன்று நிமிஷம் ஊறினால் அது ஜலத்தை உறிஞ்சிப் பருத்து இளகுகிறது. அப்போது அதை வெட்டுவதற்குக் கத்திக்கு வேண்டிய பலம் வெகுவாகக் குறைந்து விடுகிறது.

இந்த ரகசியத்தை நம்முடைய கிராமத்து நாவிதர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து, சின்னக் கிண்ணியில் ஜலத்தை வைத்துக் கொண்டு, விரல் நுனியால் கன்னத்தையும் மோவாயையும் வெகு நேரம் தேய்த்துக் கொண்டே ஊர் வர்த்தமானம் பேசுவார்கள். அந்தப் பேச்சு வெறும் பொழுதுபோக்கு என்றா நினைத்தீர்கள்? பேச்சு நடந்து கொண்டிருக்கும்போதே ஜலம் தன் வேலையைச் செய்து கொண்டிருந்தது. ஸோப்பு இல்லாவிட்டாலும் அவர்களிடம் பொறுமை இருந்தது.

ஆனால் வெறும் ஜலம் முகத்தில் நிற்காது. வழிந்தோடி விடும், அல்லது உலர்ந்து போகும். அதை ரோமத்தின் மேல் கட்டி நிறுத்துவதற்குத்தான் நுரை வேண்டும். அத்துடன் கத்திக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலான மெல்லிய படலம் ஒன்றையும் அது விரிக்கிறது. ஆகவே, நல்ல நுரை என்பது ஜலத்தைச் சுமந்து நிற்கும் ஒரு மெத்தை. இதை மனத்தில் வாங்கிக் கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தாமே விளங்கும்.

எந்த ஸோப்பு?

ஸ்நானம் செய்யும் ஸோப்பும் நுரைக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. நம் ஸ்நான ஸோப்புகள் பலவற்றிலும் தேங்காய் எண்ணெய் சேருகிறது. அதன் நுரை சீக்கிரம் பொங்கும், குமிழிகள் பெரிதாயிருக்கும், பொங்கிய வேகத்திலேயே அடங்கியும் விடும். க்ஷவர ஸோப்பில் ஸ்டீயரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் அதிகமாகச் சேர்க்கப்படுகிறது. இதன் நுரை மெதுவாக எழும்பும். ஆனால் குமிழிகள் மிகச் சிறியவையாகவும் நெருக்கமாகவும் அமைந்து வெகு நேரம் கலையாமல் நிற்கும். சாதாரணக் கட்டி ஸோப்பைக் காரச் சோடாவைக் கொண்டு செய்கிறார்கள். க்ஷவர ஸோப்பில் அதோடு காரப் பொட்டாஷும் சேருகிறது. பொட்டாஷ் ஸோப்பு மிருதுவானது. ஜலத்தில் சுலபமாகக் கரையும். கிளிஸரின் சேர்ப்பது, நுரை முகத்தில் உலர்ந்து போகாமல் ஈரத்தைப் பிடித்து வைப்பதற்காக.

இங்கே சுதேசியத்தின் சரித்திரமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. மேல்நாட்டு க்ஷவர ஸோப்புகளில் பல, மாடு ஆடுகளின் கொழுப்பிலிருந்து தயாரானவை. ஸ்டீயரிக் அமிலம் அந்தக் கொழுப்பில் தாராளமாக உண்டு. இதனால் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அவை ஒவ்வாதவையாயிருந்தன. 1905-ல் சுதேசி இயக்கம் பொங்கி எழுந்த பிறகு, நம் நாட்டு எண்ணெய்களிலிருந்தே ஸோப்புச் செய்ய வேண்டும் என்ற ஊக்கம் பிறந்தது. சென்னை மாகாண அரசாங்கத்தின் ஆதரவில் 1914-ல் கோழிக்கோட்டில் கேரள ஸோப்பு நிலையம் ஏற்பட்டது. முதல் உலக யுத்தத்தின் முடிவை ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரெஜ், மிருகக் கொழுப்புக் கலவாத ஸோப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தார். நம் இலுப்பை எண்ணெயிலும், மேற்குக் கடற்கரையில் விளையும் கோகம் விதைக் கொழுப்பிலும் ஸ்டீயரிக் அமிலம் கணிசமாக இருக்கிறது என்பதை நினைத்தால், நல்ல நுரைக்காக நாம் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டியதே இல்லை என்பது தெரியும்.

ஜலத்தின் குணம்

முதல் தரமான ஸோப்பை வாங்கி, முழங்கை வலிக்கும் வரை குழைத்தும் நுரை வரவில்லையென்றால், சந்தேகம் ஜலத்தின் மேல் திரும்ப வேண்டும். ஆழ்துளைக் கிணற்று ஜலத்தில் பெரும்பாலும் கால்ஷியம், மக்னீஷியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஸோப்பைக் கண்டவுடன் இவை அதனுடன் சேர்ந்து, ஜலத்தில் கரையாத வெள்ளைத் திப்பியாகி விடுகின்றன. வாளியின் விளிம்பில் படியும் பிசுக்கு இதுதான். நுரைக்கப் போக வேண்டிய ஸோப்பில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது.

இதற்குப் பரிகாரம் கஷ்டமானதல்ல. ஜலத்தைக் கொதிக்க வைத்துத் தெளிய விட்டால் உப்புகளில் ஒரு பகுதி அடியில் தங்கி விடும். வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் பக்கு இதற்குச் சாக்ஷி. மழை ஜலமோ இன்னும் உத்தமம். இப்போது பல வீடுகளில் குடிப்பதற்காக உப்பை நீக்கும் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஜலத்தில் ஒரு டம்ளர் எடுத்துச் சுட வைத்தால் ஒரு க்ஷவரத்துக்குத் தாராளமாகப் போதும். அந்த ஒரு டம்ளரையும் அடுக்களையிலிருந்து பிறர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று காத்திராமல், அவரவரே சுட வைத்துக் கொள்வது சுயராஜ்யத்துக்கு அழகு.

பிரஷ்ஷின் கதை

பிரஷ்களில் முக்கியமாக மூன்று ஜாதிகள் உண்டு. பன்றி மயிர் பிரஷ் விறைப்பானது. உபயோகிக்குமுன் நாலைந்து நிமிஷம் வெதுவெதுப்பான ஜலத்தில் ஊற வேண்டும். பழகப் பழக நுனி பிளந்து மிருதுவாகும். பாட்ஜர் என்னும் வளைக்கரடியின் மயிர் ஜலத்தை அதிகமாக உறிஞ்சி வைத்துக் கொள்ளும், விலையும் அதிகம். செயற்கை இழைகளால் ஆன பிரஷ்ஷை ஊற வைக்க வேண்டியதில்லை; சீக்கிரம் உலரும்; ஜீவஹிம்சை என்ற பேச்சுக்கும் இடமில்லை.

இந்தச் சிறு கருவி ஒரு சமயம் பெரிய அபாயமாகவும் இருந்தது. முதல் உலக யுத்தத்தின்போது பாட்ஜர் மயிர் கிடைப்பது அரிதாகவே, குதிரை மயிரை அதைப் போலத் தோன்றும்படி செய்து பிரஷ்களில் வைத்துக் கட்டினார்கள். சரியாகச் சுத்தம் செய்யப்படாத அந்த மயிரிலே ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய நோயின் கிருமி இருந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் போர்வீரர்களும் மற்றவர்களும் முகத்தில் பட்ட சிறு கீறல் வழியாக இந்நோய் கண்டு மாண்டார்கள். 1920-ல் ஜப்பானிய க்ஷவர பிரஷ்களின் இறக்குமதியையே பிரிட்டன் தடை செய்தது. முகத்தைத் தொடும் பொருள் எதுவானாலும் சுத்தமாயிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

செய்முறை

இனிமேல் காரியத்துக்கு வருவோம். முதலில் முகத்தை வெந்நீரால் நன்றாக நனைத்துக் கொள்ளுங்கள். ஸ்நானம் செய்த பிறகு க்ஷவரம் செய்து கொண்டால் ரோமம் தானே ஊறியிருக்கும். ஆசாரம் இதற்கு இடங்கொடாத வீடுகளில் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு நிமிஷம் முகத்தில் ஒற்றி வைத்தால் போதும்.

பிறகு, ஊறிய பிரஷ்ஷை எடுத்து, சொட்டுவது நிற்கும்படி இரண்டு தடவை உதறுங்கள். ஈரம் இருக்க வேண்டும். ஜலம் வழியக் கூடாது. ஸோப்பின் மேல் வட்டமாக 20 முதல் 30 விநாடி வரை சுழற்றுங்கள். முதலில் பெரிய குமிழிகள் தோன்றும். அவற்றைக் கண்டு ஏமாந்து நிறுத்திவிட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் பிரஷ்ஷின் நுனியில் கெட்டியான பசை போல் ஸோப்பு ஏறிவிடும். இதுதான் மூலதனம். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். மூலதனம் குறைவானால் பின்னால் எவ்வளவு உழைத்தும் லாபம் வராது.

அடுத்தபடியாக, ஒரு கிண்ணத்திலோ முகத்திலேயோ பிரஷ்ஷைச் சுழற்றிக் குழைக்க வேண்டும். பசை கெட்டியாகத் தோன்றும்போது பிரஷ்ஷின் நுனியை மட்டும் ஜலத்தில் தொட்டு, மறுபடி குழையுங்கள். இரண்டு மூன்று சொட்டு, பிறகு அரை நிமிஷக் குழைப்பு; மறுபடியும் இரண்டு மூன்று சொட்டு. சப்பாத்தி மாவுக்கு ஜலம் விடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். பிரஷ்ஷின் ஆயிரக்கணக்கான இழைகள் காற்றை உள்ளே இழுத்து, பெரிய குமிழிகளை உடைத்து உடைத்துச் சின்னஞ்சிறு குமிழிகளாக்குகின்றன. கடைசியில் கண்ணுக்குக் குமிழியே தெரியாமல், கெட்டித் தயிரைப் போல் வழவழப்பும் மினுமினுப்புமாக ஒரு நுரை திரண்டு வரும். பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி சற்றே வளைந்து நிற்கும். இரண்டு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் நழுவும். அதுதான் பதம்.

முகத்தில் போடும்போது முதலில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். படிந்து கிடக்கும் ரோமம் எழுந்து நிற்க, அடிவரை ஈரம் செல்லும். பிறகு நீளமாக இழுத்துச் சமப்படுத்தலாம். கத்தியை முதலில் ரோமம் வளரும் திசையிலேயே செலுத்துங்கள். இன்னொரு முறை வேண்டுமானால் மறுபடியும் நுரை போட்டுக் கொண்ட பிறகே செலுத்த வேண்டும். உலர்ந்த இடத்தில் கத்தியை இழுப்பதால்தான் எரிச்சலும் சிறு கொப்புளங்களும் உண்டாகின்றன. சுருட்டை ரோமக்காரர்களுக்கு வெட்டுப்பட்ட ரோமம் வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்து தொந்தரவு கொடுப்பதும் உண்டு. அவர்கள் எதிர்த் திசையில் கத்தியைச் செலுத்தாமலிருப்பதே க்ஷேமம்.

நுரை சரியில்லையானால் அதன் முகத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடலாம். மங்கலாகத் திட்டுத் திட்டாய் நின்று சீக்கிரம் உலர்ந்தால் ஜலம் போதவில்லை. சொட்டு ஜலம் சேருங்கள். பெரிய குமிழிகளுடன் கழுத்தில் வழிந்தால் ஜலம் அதிகம். திரும்பவும் ஸோப்பின் மேல் பிரஷ்ஷைச் சுழற்றுங்கள்.

வேலை முடிந்ததும் முகத்தைத் தண்ணீரால் அலம்பி, பிரஷ்ஷையும் ஸோப்புப் போகக் கழுவி, உதறி, காற்றாடும் இடத்தில் வையுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஒருவருடைய பிரஷ்ஷையும் பிளேடையும் இன்னொருவர் உபயோகிப்பது, தகப்பனார் பிள்ளைக்குள்ளேயானாலும், கூடவே கூடாது. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி என்னும் விஷக்கிருமி, உலர்ந்த ரத்தத்தில் ஒரு வாரம்கூட உயிரோடிருக்க வல்லது. க்ஷவரக்கடைக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் புதிய பிளேடு போடும்படி கேட்பதில் வெட்கமே வேண்டியதில்லை.

சொந்தக் கை

காந்தி மகாத்மா தம் சுயசரிதையில் க்ஷவரத்தைப் பற்றிச் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. பிரிட்டோரியா நகரத்தில் ஓர் ஆங்கிலேய நாவிதர் அவருக்கு முடி வெட்ட மறுத்து விட்டார். மகாத்மா தாமே கண்ணாடி முன் நின்று வெட்டிக் கொண்டு, சிநேகிதர்களின் சிரிப்புக்கு ஆளானார். ஆனால் அந்த நாவிதர் மேல் அவர் கோபம் கொள்ளவில்லை. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட நம் சகோதரர்களுக்கு நம்முடைய நாவிதர்கள் பணி செய்வதை நாமும்தானே அனுமதிப்பதில்லை என்று எண்ணினார். 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் வந்த சட்டம் அதன் பெயரால் பணி மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அப்படியிருந்தும், க்ஷவரக்கடையின் நாற்காலியில் எல்லாரும் உட்கார முடியாத கிராமங்களைப் பற்றிய செய்தி இன்றும் நம் காதில் விழுகிறது. ஜலத்துக்கும் நுரைக்கும் ஜாதி தெரியாது; மனிதர்களுக்குத்தான் தெரிகிறது. நம் ஊர்க் கடையில் அந்த நாற்காலி எல்லாருக்கும் உரியதாக இருக்கிறதா என்று விசாரிப்பது, அங்கே உட்காருகிற ஒவ்வொருவருடைய கடமை.

மீசை அரும்பும் வயதில் பிள்ளைகள் இந்த வித்தையைத் தாமாகவே, கதவைச் சாத்திக் கொண்டு, ரத்தக் காயத்துடன் கற்றுக் கொள்கிறார்கள். தகப்பனாரோ அண்ணாவோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிஷம் ஒதுக்கி, பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கொண்டு, பதமான நுரை எப்படியிருக்கும் என்று காட்டிக் கொடுத்தால் போதும். பையனுடைய கன்னம் பிழைக்கும். அவசரப்படாமல் ஒரு காரியத்தைச் செய்யும் பழக்கமும் அவனுக்கு அன்றே ஆரம்பமாகும்.