கதை முடிந்த பின் வரும் வெறுமை

மேகமலைத் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து சின்னமனூருக்கு இறங்கி, அங்கிருந்து பேருந்து மாறி வாரம் இருமுறை எம் டயாலிசிஸ் பிரிவுக்கு வருகிறார் ஒரு பெரியவர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்துடன் இணைந்திருக்க வேண்டும். அந்நேரத்தில் அவர் மகள் அருகில் அமர்ந்து ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தை உரக்க வாசிப்பார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் செவிமடுப்பார். ஐந்தாம் பாகமான ‘தியாக சிகரம்’ நிறைவுற்றது. அடுத்த முறை பெரியவர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, “அப்பாவுக்கு வரவே மனசில்லைங்க, இனி அங்க வந்து எதைக் கேக்கப் போறோம்ங்கிறாரு” என்றார் மகள். அவர்கள் இசைவுடனேயே இதனை எழுதுகிறோம்.

இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் உடன் வாழ்ந்த கதைமாந்தரை நம் மனம் தெரிந்த மனிதரைப் போலவே ஏற்கிறது. வந்தியத்தேவனுக்காக அஞ்சுகிறோம், நந்தினியை வெறுக்கவும் முடியாமல் தவிக்கிறோம். கடைசிப் பக்கம் ஒரு சிறு பிரிவுதான். கதை நிறைவுற்ற மகிழ்ச்சியும் அவர்களை இழந்த ஏக்கமும் ஒருசேர வருகின்றன.

இவ்வுணர்வு புதிதுமன்று. ‘கல்கி’ இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய இக்கதை 1954 மே மாதம் முடிந்தபோது, பலருக்கு மனம் நிறையவில்லை. இன்னார் பின்னர் என்ன ஆனார் என்று கேட்டனர். ஆசிரியர் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி விடையளிக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று கதையைத் தொடர்ந்தார்.

நோயாளிக்கோ இழப்பு இரட்டிப்பு. அதுவரை சிகிச்சை நாள், கதை நாளாக இருந்தது. கதை போனதும் ஊசியும் இயந்திரமும் மட்டுமே எஞ்சுகின்றன. வாசித்துக் காட்டியவருக்கும் கை வெறுமையாகிறது. அவரை எவரும் கேட்பதில்லை.

ஆகவே, நூலின் இறுதிப் பகுதியை எட்டும்போதே அடுத்த நூலைத் தேடி வையுங்கள். முடித்த கதையைப் பற்றிப் பேசுங்கள். எம் செவிலியருள்ளும் அதனைப் படித்தவர் உண்டு. ஆனால் டயாலிசிஸை ஒருமுறையும் தவிர்க்காதீர்கள். உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்கும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பே சீர்குலையும்.

கதையால் வந்த ஏக்கம் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். மனச்சோர்வு இரண்டு வாரத்திற்கும் மேல் நீடித்தாலோ, உறக்கமும் பசியும் கெட்டாலோ, வாழ்வே வேண்டாம் எனத் தோன்றினாலோ அதனைப் புத்தகத்தின் மேல் ஏற்றிவிட வேண்டாம். வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எழுந்தால் அன்றே மருத்துவரிடம் கூறுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416; கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம்.

பெரியவர் இரண்டு நாள் கழித்துக் கால் வீக்கத்தோடும் மூச்சிரைப்போடும் வந்து சேர்ந்தார். இப்போது ‘சிவகாமியின் சபதம்’ நடக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர்தாம் இசையவில்லை. பொன்னியின் செல்வனையே முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்கிறார்.