ஆள் மாறினால் பேண்டு மாறுமா? ஃப்ளீட்வுட் மேக் மேடைக்குப் பின்னே ஒரு ரவுண்டு!

1974-ன் தொடக்கம். அமெரிக்காவில் ஃப்ளீட்வுட் மேக் கச்சேரி. ஆசையாக டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் மேடையைப் பார்த்ததும் திருதிருவென விழித்தார்கள். டிரம்ஸில் மிக் ஃப்ளீட்வுட்டைக் காணோம். பேஸ் கிடாரில் ஜான் மெக்வீயைக் காணோம். கீபோர்டில் கிறிஸ்டின் மெக்வீயும் இல்லை. அத்தனையும் புதுமுகம்! பேண்டின் பெயர் தனக்கே சொந்தம் என்று சொல்லி, மேனேஜரே வேறு ஆட்களைத் திரட்டி டூருக்கு அனுப்பியிருந்தார். கூட்டம் கூச்சல் போட்டது, டூர் பாதியில் படுத்தது, விவகாரம் இங்கிலாந்தில் கோர்ட் படி ஏறியது. கூத்து அதோடு முடியவில்லை. அந்த டூப்ளிகேட் பேண்டில் இருந்த சிலர் ‘ஸ்ட்ரெட்ச்’ என்று தனிக்கடை போட்டார்கள். பட்ட வயிற்றெரிச்சலை ‘ஒய் டிட் யூ டூ இட்’ என்று பாட்டாக்கி, 1975-ல் பிரிட்டனில் ஹிட்டும் அடித்தார்கள்!

ஆள் மாறினாலும் பேண்டு அதே பேண்டுதானா? ராக் ரசிகர்கள் விடிய விடிய சண்டை போடும் இந்தக் கேள்விக்கு, இவர்களைவிடச் சுவையான கேஸ் கிடைக்காது.

ஆரம்பமே அமர்க்களம். 1967-ல் லண்டனில் பேண்டைத் தொடங்கியவர் கிடார் மேதை பீட்டர் கிரீன். பெயர் வைத்ததோ டிரம்ஸ்காரர் ஃப்ளீட்வுட், பேஸ்காரர் மெக்வீ இருவருக்கும் சேர்த்து. அப்போது மெக்வீ பேண்டில் சேரவேகூட இல்லை! தான் என்றாவது கிளம்பிவிடுவோம், பின்னால் இவர்களுக்கு ஒரு பெயராவது மிஞ்சட்டும் என்று கிரீன் கணக்குப் போட்டதாக ஃப்ளீட்வுட் பின்னாளில் சொன்னார். கணக்கு பலித்தது. 1970-ல் கிரீன் கிளம்பிவிட்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் சினிமா. 1971-ல் லாஸ் ஏஞ்சல்ஸில், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய கிடாரிஸ்ட் ஜெரமி ஸ்பென்சர் திரும்பவே இல்லை. தேடிப் பிடித்தபோது ஒரு மதக் குழுவில் ஐக்கியமாகியிருந்தார். அடுத்த வருடம் டேனி கிர்வன், கச்சேரிக்குச் சற்று முன் கிடாரை உடைத்துப் போட்டு மேடையேற மறுத்தார். சவுண்ட் மேசையருகே நின்று முழுக் கச்சேரியையும் பார்த்தார். முடிந்ததும் உள்ளே வந்து, நீங்கள் வாசித்தது சரியில்லை என்று விமர்சனம் வேறு! வேலை போயிற்று.

1974 கடைசியில் ஸ்டுடியோ தேடி சவுண்ட் சிட்டிக்குப் போன ஃப்ளீட்வுட்டுக்கு, அந்த இடத்தின் ஒலி எப்படியிருக்கும் என்று காட்ட ஒரு ரெக்கார்டைப் போட்டார்கள். கிடார் அவரைக் கட்டிப்போட்டது. வாசித்த லிண்ட்சே பக்கிங்காமை அழைத்தார். காதலியையும் சேர்த்தால்தான் வருவேன் என்று லிண்ட்சே பிடிவாதம் பிடித்தார். அந்தக் காதலிதான் ஸ்டீவி நிக்ஸ்! ஒரு கிடாரிஸ்டுக்கு வலை போட்டதில் இரண்டு பேர் சிக்கினார்கள்.

இனி ‘ரூமர்ஸ்’ ஆல்பம் உருவான ஸ்டுடியோவுக்குள் வாங்க. 1976, கலிபோர்னியாவின் சாஸலிட்டோ. தம்பதியாக இருந்த ஜானும் கிறிஸ்டினும் பிரிந்தாயிற்று. லிண்ட்சேயும் ஸ்டீவியும் முறைப்பு. மிக் வீட்டிலும் விவாகரத்து. கிறிஸ்டின் தன் புதுக் காதலரை நினைத்து ‘யூ மேக் லவ்விங் ஃபன்’ எழுதினார். லைட்டிங் பார்த்த ஆள்தான் அந்தக் காதலர். முன்னாள் கணவர் ஜானிடம் மட்டும், பாட்டு தன் நாயைப் பற்றியது என்று சொல்லி வைத்தார். ஜானும் அப்பாவியாக அதற்கு பேஸ் வாசித்தார்!

ஓட்டி ஓட்டி, கடைசியில் மாஸ்டர் டேப்பே தேய்ந்துபோனது. டிரம்ஸின் கூர்மை மங்கியது. நல்லவேளை, அடிப்படை ரெக்கார்டிங்கின் நகல் ஒன்று ஓடாமல் பத்திரமாக இருந்தது. டெக்னீஷியன் ஒருவர் ஹெட்போனை மாட்டினார். ஒரு காதில் தேய்ந்த டேப், மறு காதில் புது டேப். இரண்டும் பிசகாமல் சேர்ந்தோடும்படி கையாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பின்னால் சேர்த்த குரலையும் கிடாரையும் புது டேப்புக்கு மாற்றினார். பேண்டு மட்டுமா, டேப்பே ஆள் மாறியது! 1977-ல் வெளியான ஆல்பம் அமெரிக்காவில் 31 வாரம் நம்பர் ஒன்.

அப்புறமும் கதவு திறந்தபடியே இருந்தது. 1987-ல் லிண்ட்சே விலகியபோது அவர் இடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். பின்னர் திரும்பி வந்த அவரை 2018-ல் அனுப்பியபோதும் மைக் கேம்ப்பெல், நீல் ஃபின் என இரண்டு பேர். டூர் ஜோராக நடந்தது.

ஆக, மிக்கும் ஜானும் இருந்தால் போதும், பேண்டு பிழைக்கும் என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படாதீங்க! 1998-ல் கிறிஸ்டின் ஒதுங்கியபோது, பின்வரிசையில் துணைக்கு வாசிக்கவும் பாடவும் ஆள் வைத்தார்களே தவிர, அவர் இடத்தில் இன்னொருவரை உறுப்பினராக்கவில்லை. 16 வருடம் கழித்து 2014-ல் அவரே திரும்பி வந்தார். 2022 நவம்பரில் கிறிஸ்டின் காலமானார். இனித் தொடர்வதில் அர்த்தமில்லை என்று ஸ்டீவி சொல்லிவிட்டார்.

பெயருக்குச் சொந்தக்காரர்கள் இருவரும் இருக்கிறார்கள், பேண்டு ஓடவில்லை. வந்து போனவர்களின் பட்டியலை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எந்த நாற்காலிக்கு ஆள் போட அவர்களுக்கே மனம் வரவில்லை என்று பாருங்கள். பேண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தது.